பன்னிரண்டு ஏழுக்கு நிழல் போய்விடும்

— வடிவும்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க நிழலு கம்பத்து மேல விழுது.

— என் நிழலே விழாதுன்னுதான சார் நோட்டீசு ஒட்டினீங்க?

— பன்னெண்டு ஏழுக்குத்தான் விழாது. மணி இப்ப பன்னெண்டு அஞ்சு. அதுவரைக்கும் உங்க நிழலுக்கு டூட்டி இருக்கு.

— ரெண்டு நிமிசத்துல இம்மாம் நிழலும் எங்க சார் போவும்? சாணுக்கு மேல நீட்டிக்கினு இருக்குதே.

— அதாகப்பட்டது வடிவும்மா, சூரியன் நேரா உச்சந்தலைக்கு மேல வரும். வந்துட்டா கம்பத்து நிழலு கம்பத்துக்கு அடியிலயே போயிரும். வருஷத்துல ரெண்டே ரெண்டு நாளு. நிழலில்லா நாள்னு அதுக்குப் பேரு. ஏம்மா சுபாஷிணி, லைவ் ஓடுதா?

— ஓடறது சார். மூணு பேர் பாக்கறா.

— மூணு லட்சமா?

— மூணு பேர் சார். ஒண்ணு நானேதான், இன்னொரு போன்லேர்ந்து செக் பண்றேன். ரெண்டாவது நம்ம டைரக்டர் ஆபீஸ். மூணாவது இந்திராணின்னு யாரோ. 'சட்டை பட்டன் மாறிப் போச்சு, மேல இருந்து ரெண்டாவது'ன்னு கமென்ட் போட்டிருக்கா. தமிழை இங்கிலீஷ் எழுத்துல அடிச்சிருக்கா, அதனால என்னால படிக்க முடிஞ்சுது.

— அது என் வீட்டுக்காரி. பதினெட்டு வருஷம் விண்வெளி அறிவியலைத் தமிழ்ல பரப்பி நான் சேத்த ரசிகர் மன்றம் அந்த ஒரு ஆளுதான். அதுவும் பட்டனைத்தான் பாக்குது. சரி, விடு.

— சார், செர்டிபிகேட்டு வந்துடுச்சுங்களா?

— வந்தாச்சு வடிவும்மா. நாப்பதும் வண்டியில இருக்கு. காலையில இருந்து நாலாவது தடவை கேக்கீங்க.

— சீலு?

— சீலும் இருக்கு, நம்ம அறிவியல் மையத்தோட வட்ட சீலு. நிகழ்ச்சி முடிஞ்சதும் எல்லாருக்கும் கையெழுத்துப் போட்டுத் தாரேன். பாத்தியா சுபாஷிணி, என்ன ஒரு அறிவியல் தாகம்! 'டெல்லியில தமிழ்ல சொன்னா யாரு சார் கேக்கப் போறா'ன்னு கமிட்டியில சிரிச்சாங்கல்லா, அவங்களை இங்க கூட்டியாந்து வெயில்ல நிப்பாட்டணும்.

— அதுல பேருக்குக் கீழ அட்ரஸ் எழுத எடம் இருக்குதுங்களா சார்?

— இருக்கு, இருக்கு. பேரு, முகவரி, தேதி, எல்லாத்துக்கும் கோடு போட்டிருக்கு.

— அச்சா சார், பாரா பஜ்கே சாத் மினிட், பன்னெண்டு ஏழு. டைம் ஆயிடுத்து.

— எல்லாரும் கம்பத்தைப் பாருங்க! கண்ணை எடுக்காதீங்க! அஞ்சு, நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு!

— இருக்குதே சார்.

— இருக்கும், ஒரு நொடி.

— அப்பிடியேதான் சார் இருக்குது. பின்னால கோமளா கேக்கறா, நிழலு போவுமா, இல்ல நாம போவலாமான்னு.

— பொறுக்கச் சொல்லுங்க. சுபாஷிணி, அந்த டேப்பை எடு. அளந்து பாத்துருவோம்.

— டேப் ஆபீஸ்ல இருக்கு சார். ஸாரி யார்... ஐயோ, இந்தியே வருது. ஸாரி சார்.

— விண்வெளியை அளக்க வந்த ரெண்டு பேரு கையிலயும் டேப்பு இல்லை. நல்லா இருக்கு.

— இந்தாங்க சார். எங்கிட்ட இருக்குது.

— அட, துணி தைக்கிற டேப்பா? இது போதும், நல்லா போதும். பிடிங்க அந்தப் பக்கம். பத்தரை இஞ்ச். மூணடிக் கம்பத்துக்குப் பத்தரை இஞ்ச் நிழலு. இது எப்பிடி... ஆங்! பிடிச்சுட்டேன்! ஒண்ணும் பயப்பட வேண்டாம். பன்னெண்டு ஏழுங்கது மெட்ராஸ் நேரம்!

— மத்லப்? அப்படின்னா?

— மெட்ராஸ்ல சூரியன் உச்சிக்கு வாரது பன்னெண்டு ஏழு. நாம மேக்க தள்ளி இருக்கோம்ல, இங்க உச்சி வாரது பன்னெண்டு இருவதுக்கு. இன்னும் பதிமூணு நிமிஷம் இருக்கு, அவ்வளவுதான். வடிவும்மா, எல்லாரையும் அந்த வேப்ப மரத்து நிழல்ல போய் நிக்கச் சொல்லுங்க.

— அந்த நிழலும் பன்னெண்டு இருவதுக்குப் போயிடுமா சார்?

— மரத்துக்கு அதெல்லாம் கிடையாது. கிளை இருக்குல்லா.

— நல்ல வேளை. டெல்லி வெயில்ல நிழலு ஒழியணும்னு வேண்டிக்கற மொத ஆளு நீங்கதான் சார். நாங்கள்லாம் பஸ் ஸ்டாண்டுல லைட்டு கம்பத்து நிழல்ல வரிசையா நிக்கற ஆளுங்க.

— சிரிக்காதே சுபாஷிணி. லைவ் ஓடுது.

— நான் சிரிக்கலை சார். ஒரு டவுட். டைம் மெட்ராஸ் டைம்னா, அது எப்படி நம்ம நோட்டீஸ்ல வந்தது?

— அது வந்து... போன வருஷம் சென்னைக்கு எழுதி அனுப்பின நோட்டீஸ் ஒண்ணு இருந்துச்சு. நல்லா எழுதியிருந்தேன், என் வாயால சொல்லக் கூடாது. அதையே எடுத்து எடத்தை மட்டும் 'டெல்லி, போகல் பூங்கா'ன்னு மாத்தினேன். நேரத்தை மாத்த விட்டுப்போச்சு.

— அப்போ டேட்?

— என்ன டேட்?

— டைம் மெட்ராஸ் டைம்னா, ஏப்ரல் இருபத்தி நாலுங்கற டேட்டும் மெட்ராஸ் டேட்தானே சார்?

— சுபாஷிணி.

— சொல்லுங்கோ.

— மைக்கை ஆஃப் பண்ணு.

— பண்ணிட்டேன். என்னாச்சு சார்? உங்க மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுத்து. தண்ணி வேணுமா?

— டெல்லிக்கு எந்த டேட்டும் கிடையாதும்மா.

— என்ன சொல்றேள்?

— சூரியன் வடக்க வாரதுக்கு ஒரு எல்லை உண்டு. கடகரேகை. எட்டாங் கிளாஸ் பாடம். அது போபால் பக்கமாப் போவுது. ஜூன் மாசம் அதுவரைக்கும் வந்து சூரியன் திரும்பிரும். டெல்லிக்கு உச்சந்தலைக்கு மேல அது வந்ததும் இல்லை, வரப் போறதும் இல்லை. இந்த ஊர்ல நிழலில்லா நாள்னு ஒண்ணு கிடையாது.

— சார்! நாப்பது பேர் வெயில்ல வந்து நிக்கறா!

— தெரியும். எண்ணிட்டுத்தான் இருக்கேன்.

— சூரியனும் போபாலோட எறங்கிடுதா சார்? ரயில்ல தயிர் சாதம் அங்கதான் நின்னு போவும். அதுக்கப்பறம் ரொட்டிதான்.

— வடிவும்மா! மரத்தடியில நிக்கலையா நீங்க?

— அவங்கள நிக்க வெச்சிட்டு வந்தேன். நீங்க மைக்கு ஆஃப் பண்ணீங்க, வாய ஆஃப் பண்ணலியே.

— சரி, கேட்டாச்சுல்லா. முழுசாவே சொல்லிருதேன். நான் டெல்லிக்கு வந்து இருபத்தெட்டு வருஷம் ஆச்சு. ஒரே ஒரு நாளு மத்தியானம் தலையைக் குனிஞ்சு என் நிழலைப் பாத்திருந்தா இந்தக் கூத்து நடந்திருக்காது. உடம்பு இங்க இருக்கு, வாட்ச்சு மட்டும் திருநெல்வேலியில ஓடுது. தமிழ்ல எழுதணும்னு பேனாவைத் தொறந்தா கை தானா அந்த ஊருக்குப் போயிருது. பதினெட்டு வருஷமா எழுதினது எல்லாம் அங்க அனுப்பத்தான். டெல்லியில தமிழ்ல ஒரு நிகழ்ச்சின்னு வச்சது இதான் முதல் தடவை. அதையும் மெட்ராஸ்ல வச்சிருக்கேன்.

— கமிட்டி பாத்தாளே சார்? மூணு கமிட்டி கையெழுத்துப் போட்டிருக்கே?

— மூணு கமிட்டியும் பாத்துச்சு. ஒண்ணு எழுத்துப்பிழை பாத்துச்சு. ஒண்ணு லோகோ எந்தப் பக்கம் இருக்குன்னு பாத்துச்சு. இன்னொண்ணு டீ கிளாஸைப் பாத்துச்சு. சூரியனைப் பாக்கத்தான் ஆளு இல்லை. நீயும்தானே பாத்தே?

— நான் லேஅவுட் பாத்தேன் சார். இங்கேயே சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ்ல பொறந்து வளந்தேன், எனக்கு எங்க சார் தமிழ் படிக்க வரும்? அம்மா எழுதற மளிகை லிஸ்டையே போட்டோ எடுத்து அத்தைக்கு அனுப்பித்தான் படிச்சுப்பேன்.

— ஆக, எழுதினவனுக்கு ஊரு தெரியலை. அச்சடிச்சவளுக்கு எழுத்து தெரியலை. நாம ரெண்டு பேரும் சேந்து மக்களுக்கு அண்டத்தை விளக்க வந்திருக்கோம்.

— சார், நான் ஒண்ணு சொல்லட்டுமா? தப்பா எடுத்துக்காதீங்கோ. பன்னெண்டு இருபதுக்குக் கம்பத்தை லேசா இந்தப் பக்கம் சாச்சுட்டா...

— சாச்சா?

— சூரியனைப் பாத்து சாச்சா நிழல் போயிடுமோன்னோ? கேமராவை நான் கொஞ்சம் டில்ட் பண்ணிக்கறேன். வீடியோல கம்பம் நேராத்தான் தெரியும். டைரக்டர் ஆபீஸ்ல யாருக்கும் தமிழும் தெரியாது, கம்பமும் தெரியாது. சலோ, அஞ்சு செகண்ட் மேட்டர்.

— அடப்பாவி. பதினாறு டிகிரி சாச்சாப் போயிரும்தான். ஆனா நாப்பது ஜோடிக் கண்ணு பாக்குதே. வடிவும்மா வேற பக்கத்துல நிக்காங்க. அவங்க மூஞ்சியில எப்பிடி முழிக்கது?

— சாச்சுடுங்க சார்.

— வடிவும்மா?

— நல்லாவே சாச்சுடுங்க. நான் கண்ண மூடிக்கறேன். அவங்களையும் மூடச் சொல்றேன். சாமி கும்புடுற மாதிரி எல்லாரும் மூடிக்கிட்டா ஆச்சு.

— நிழலைப் பாக்க வந்தவங்க கண்ணை மூடிட்டு நிப்பாங்களாக்கும்? நீங்கதானே அறிவியல்ல அவ்வளவு ஆர்வமா... வேண்டாம் வடிவும்மா. நான் போய் மன்னிப்புக் கேட்டுட்டு நிகழ்ச்சியை ரத்து பண்ணிருதேன்.

— ரத்து பண்ணா செர்டிபிகேட்டு?

— அது எப்பிடித் தர முடியும்? 'இன்னார், இன்ன முகவரியில் வசிப்பவர், நிழலில்லா நாளை நேரில் கண்டார்'னு அச்சடிச்சிருக்கு. காணாததைக் கண்டார்னு நாப்பது கையெழுத்து நான் போடலாமா?

— போடலாம் சார்.

— எப்பிடி?

— சார், ஒண்ணு சொல்றேன். கோச்சிக்காதீங்க. எங்களுக்கு நிழலு போனா இன்னா, இருந்தா இன்னா. அந்தக் கடுதாசி வோணும்.

— கடுதாசியா?

— நாங்க குடிசை போட்டிருந்த கேம்ப்ப இடிச்சு வர்ற ஜூனோட ஒரு வருசம். லிஸ்டுல பேரு இருந்தவங்களுக்கு ஊருக்கு வெளிய நரேலாவுல வூடு குடுத்தாங்க. எங்க பேரு லிஸ்டுல வரல. இங்க ஒரு ரூம்பு வாடகைக்கு எடுத்துக்கினு இருக்கோம். வூட்டு ஓனரு வாடகை அக்ரிமென்டு எழுதித் தர மாட்டேன்றாரு. ரேசன் கார்டுல பழைய அட்ரஸ்சு. அந்த அட்ரஸ்ல இப்ப மண்ணு குவிஞ்சு கெடக்குது. என் மவ கவிப்ரியாவ ஆறாம் கிளாஸ் சேக்கணும். பள்ளிக்கூடத்துல இன்னா கேக்கறாங்க? நீங்க இங்கதான் இருக்கீங்கன்றதுக்கு ஒரு கடுதாசி கொண்டான்றாங்க.

— அதுக்கு எங்க செர்டிபிகேட்டா?

— கோமளா மவனுக்குக் கண்ணு டெஸ்ட்டு பண்ண சீட்டு இருந்துச்சு சார். ஏதோ இலவசக் கண்ணு கேம்ப்பு போட்டாங்களே, அதுல குடுத்தது. பேரு, இந்தத் தெரு அட்ரஸ்சு, ஒரு சீலு. அத காமிச்சு சேத்துட்டா. சீலு இருந்தாப் போதும்னு ஒரு டீச்சரம்மா சொன்னாங்களாம். எங்க யாருக்கும் கண்ணு கெட்டுப் போவலியே, இன்னா பண்றது? அப்பத்தான் நீங்க வந்து நோட்டீசு ஒட்டினீங்க. கீழ போட்டிருந்துச்சு, 'கலந்துகொள்பவர்களுக்குச் சான்றிதழ் வழங்கப்படும்'னு. கவிப்ரியாதான் எழுத்துக் கூட்டிப் படிச்சா. திங்கக்கெழம கடைசி நாளு சார்.

— ஆக, நாப்பது பேரும் வந்தது...

— பாதிப் பேரு மேடம் வூட்டு வேலைக்கு லீவு சொல்லிட்டு வந்துக்கறாங்க. சூரியனப் பாக்க யாராச்சும் லீவு போடுவாங்களா சார்? அது தெனமும் வருது.

— சுபாஷிணி, கேட்டியாம்மா? தாகம்னு சொன்னேனே, அறிவியல் தாகம்.

— கேட்டேன் சார்.

— மினிட்ஸ்ல அதை எழுதிராதே.

— சார், பன்னெண்டு பதினாறு. என்ன பண்ணப் போறேள்? சாய்க்கறதா வேண்டாமா?

— பிடி. கம்பத்தைப் பிடி, சும்மா ஒரு தடவை பாத்துருவோம். தெக்க பாத்து சாய். இன்னும். இன்னும் கொஞ்சம். நில்லு, நில்லு! போச்சு! நிழலு போச்சு!

— வாவ். சுத்தமாப் போயிடுத்து சார்!

— இப்ப ஒண்ணு தோணுது. அதாகப்பட்டது... இது பொய்யே இல்லை! பூமி உருண்டையா இருக்கா? வடிவும்மா, உங்க சொந்த ஊரு விழுப்புரத்துல ஒரு கம்பத்தை நேரா நட்டா, அது இங்க இருந்து பாத்தா இப்பிடித்தான் சாஞ்சு நிக்கும். அந்தக் கம்பமும் இந்தக் கம்பமும் இப்ப ஒரே திசையைக் காட்டுது. வடிவும்மா, இது டெல்லியில சாஞ்ச கம்பம் இல்லை. நம்ம ஊர்ல நேரா நட்ட கம்பம்! அடடா. நான் இருபத்தெட்டு வருஷமா எப்பிடி நிக்கேன்னு இன்னைக்குத்தான் தெரியுது. பதினாறு டிகிரி தெக்க சாஞ்சு!

— அழகா இருக்கு சார். ஆன் பண்ணட்டுமா மைக்கை? இதையே சொல்லிடுங்கோ. கையெழுத்தும் போட்டுடலாம்.

— அப்ப வேணாம் சார்.

— என்ன வடிவும்மா? நீங்கதானே சாய்க்கச் சொன்னீங்க?

— சொன்னேன். இப்ப வேணாம். நேரா நிமித்துங்க.

— ஏன்?

— சாச்சு வெச்சா ஊர்ல நட்டதுன்றீங்களே. பள்ளிக்கூடத்துலயும் அதான் சார் சொல்றாங்க. 'உங்க ஊருக்குப் போயி சேத்துக்கோங்க'ன்னு. கேம்ப்பு இடிக்க வந்தவங்களும் அதான் சொன்னாங்க. கவிப்ரியா பொறந்ததே இந்த ஊரு சார். விழுப்புரத்த அவ ரெண்டு வாட்டிதான் பாத்துருக்கறா. அங்க போனா கொசு கடிக்குதுன்னு இந்தியில அழுவா. நாங்க இங்க இருக்கோம்னுதான் கடுதாசி கேக்கறோம். ஊர்ல இருக்கோம்னு எழுதிக் குடுத்தா அத வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?

— நிமித்தும்மா சுபாஷிணி.

— நிமித்திட்டேன். நிழல் திரும்பி வந்துடுத்து.

— வரட்டும். எனக்கு நல்லா வேணும். ஊரை நெனைச்சு நான் கவிதை மாதிரி பேசிட்டேன். அவங்க இருக்க எடத்தைக் கேக்காங்க. சரி, டைம் என்ன?

— பன்னெண்டு பதினெட்டு.

— நிழலு இருக்கு. அது இருக்குதுங்கதுதான் இங்க நிஜம். மூணடிக் கம்பத்துக்குப் பத்து இஞ்ச். மெட்ராஸ்ல இந்நேரம் ஒண்ணும் இருக்காது. ஸ்ரீநகர்ல இதை விட நீளமா இருக்கும். இவ்வளவு நீளம் நிழல் விழுந்தா, அது இந்த ஊருதான்! வடிவும்மா, இப்பிடி வாங்க. கம்பத்துப் பக்கத்துல நில்லுங்க. செருப்போட நேரா.

— எதுக்கு சார்?

— உங்க நிழலை அளக்கப் போறேன். சுபாஷிணி, மைக்கை ஆன் பண்ணு. செர்டிபிகேட்டுக் கட்டை எடுத்துட்டு வா. பேனாவும்.

— ஆன் பண்ணிட்டேன் சார். போலியே, பேசுங்கோ.

— அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே! நோட்டீஸ்ல ஒரு தப்பு நடந்துபோச்சு. தப்புப் பண்ணினவன் நான்தான். பேரு நல்லசிவம், பட்டனை மாத்திப் போட்டிருக்கானே அவன்தான். இந்த ஊர்ல எந்த நாளும் நிழலு போகாது. ஜூன் மாசம் நல்லாச் சுருங்கும், ஆனாப் போகாது. சென்னைக்கு எழுதினதைக் கொண்டாந்து உங்க செவுத்துல ஒட்டிட்டேன். வெயில்ல நிறுத்தினதுக்கு மன்னிக்கணும். இப்ப ஒவ்வொருத்தரா வாங்க. உங்க நிழலை அளந்து எழுதித் தாரேன். இதுல ஒரு எழுத்துப் பொய் இருக்காது.

— சார், கைதட்டறா! மன்னிப்புக் கேட்டதுக்குக் கைதட்டறா!

— ஒரு அதிகாரி மன்னிப்புக் கேட்டு அவங்க பாத்திருக்க மாட்டாங்க. நிழலில்லா நாளை விட இது அபூர்வம்லா. பேனாவைக் கொடு. அச்சடிச்ச கடைசி வரியை அடிச்சுட்டு, பக்கத்துல என் கையால எழுதுதேன். நேரம் சொல்லு.

— பன்னெண்டு இருபது, கரெக்டா.

— 'திருமதி வடிவு. போகல், நாலாம் மாடி, பின் அறை. இவருடைய நிழல் இந்தத் தேதியில், இந்த நேரத்தில், இந்த இடத்தில் பதினேழு அங்குலம் விழுந்தது. நான் அளந்தேன்.' கையெழுத்து. சுபாஷிணி, இதையே பக்கத்துல இந்தியில எழுது. பள்ளிக்கூடத்துல தமிழ் படிக்க யாரு இருக்கா? சீலை நல்லா அழுத்திப் போடு.

— போட்டாச்சு. சார், வரிசை கட்டிட்டா. அதோ ஒரு அம்மா வெயிட்டிங்லயே பக்கத்து அம்மாவோட நிழலைச் சாணால அளக்கறா. உங்க நிழல் சின்னது, என் நிழல் பெருசுன்னு சண்டை வேற.

— போடட்டும். ஒவ்வொருத்தருக்கும் நேரத்தைத் தனித்தனியா எழுது. நிழலு நமக்காக நிக்காது. வாங்கம்மா கோமளா. நேரா நில்லுங்க. சேலையை விரிச்சுப் பிடிக்காதீங்க, நிழலு குண்டாகும்.

— சார், ஏத்துக்குவாங்களா பள்ளிக்கூடத்துல?

— தெரியாது வடிவும்மா. நிஜமாவே தெரியாது. ஏத்துக்கலைன்னா திங்கக்கிழமை எனக்கு ஒரு போன் போடுங்க. நானும் வாரேன். நிழலு விழுதா இல்லையான்னு அவங்க வாசல்ல நின்னு அளந்து காட்டுதேன்.

— பட்டனச் சரியாப் போட்டுக்கினு வாங்க சார்.

— சார், சார்! டைரக்டர் ஆபீஸ்லேர்ந்து மெசேஜ்! 'பிரமாதம், இவ்வளவு மக்கள் ஈடுபாட்டைப் பாத்ததே இல்லை. இதே நிழலில்லா நாள் நிகழ்ச்சியை அடுத்த மாசம் காஷ்மீரியில மொழிபெயர்த்து ஸ்ரீநகர்ல நடத்தவும்'னு போட்டிருக்கா.

— ஸ்ரீநகர்லயா? நான் மன்னிப்புக் கேட்டதைக் கேக்கலையா அவங்க?

— தமிழ்லன்னா கேட்டேள்?

— நல்லது. ரெண்டாவது மன்னிப்பைக் காஷ்மீரியில கேக்கப் படிச்சு வச்சுக்கிடுதேன். எத்தனை ஆச்சு?

— நாப்பதும் முடிஞ்சுது சார், மணி ரெண்டாகப் போறது. அப்புறம் இந்திராணி ஆன்ட்டி இன்னொரு கமென்ட் போட்டிருக்கா. 'பட்டன் கெடக்கட்டும், நல்லா இருந்துச்சு'ன்னு.

— உண்மையாவா? அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையும்மா. கல்யாணம் ஆன நாள்ல இருந்து கேக்காதது. இந்தாங்க வடிவும்மா, உங்க டேப்பு. இது இல்லைன்னா இன்னைக்கு நான் தொலைஞ்சேன்.

— குடுங்க சார்.

— இருங்க. எனக்கு ஒண்ணு மட்டும் புரியலை.

— இன்னா சார்?

— சூரியனைப் பாக்க வாரவங்க கையில இஞ்ச் டேப்பு எதுக்கு?

— அது... சும்மா.

— இல்லை, சொல்லுங்க.

— நோட்டீசு ஒட்டின மறுநாளே மொட்ட மாடியில தொடப்பக்கட்டைய நிமித்தி வெச்சு அளந்து பாத்தேன் சார். பன்னெண்டு நாளா தெனமும் மத்தியானம் அளக்கறேன். நாளுக்குக் கால் இஞ்சுதான் கொறையுது. இன்னிக்குள்ளாற தீராதுன்னு நாலாம் நாளே தெரிஞ்சுபோச்சு.

— நாலாம் நாளேவா! மூணு கமிட்டி பாக்காததை... ஏன் வடிவும்மா, நோட்டீஸ்ல என் நம்பர் இருந்துச்சே. ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமே!

— சொல்லியிருந்தா வந்து கிழிச்சுட்டுப் போயிருப்பீங்க.

— தப்பான நோட்டீஸ்தானே? கிழிச்சா என்ன?

— முப்பத்தஞ்சு வருசமா இந்த ஊர்ல இருக்கறேன் சார். எங்க செவுத்துல ஒட்டின நோட்டீசு அத்தினியும் 'போங்க'ன்னுதான் சொல்லிச்சு. 'வாங்க'ன்னு ஒட்டினது இது ஒண்ணுதான். அதப் போயி கிழிக்க வுடுவேனா?